நிமிஷத்துக்கு முப்பத்தாறு

என் நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறு தடவை அடித்த காலையில் நானும் என் கணவரும் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். சந்தோஷத்தில்தான். அவர் முந்திரிப் பருப்பை எண்ணாமல் அள்ளிப் போட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அதற்கு ஆறாவது நாள் நான் நொச்சிக்குப்பத்துச் சாலையில் மயங்கி விழுந்தேன். இன்னொருத்தர் வீட்டில் இப்படிக் கேசரி கிண்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு என்னென்னவோ வருகிறது, வரட்டும்.

எனக்கு நாற்பத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டர். அபிராமபுரத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் தனபால் பாங்க்கில் காஷியர். மூன்று வருஷத்துக்கு முன்னால், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று கடற்கரையில் நடக்கப் போனேன். நடந்தவள் ஒருநாள் மழைக்குப் பயந்து ஓடினேன். மழை நின்ற பிறகும் ஓடினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சுடிதார் போட்டுக்கொண்டு வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு ஒரு பெண்பிள்ளை ஓடினால் மெரினாவில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாக்கிங் வந்த பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "யாராவது துரத்தறாங்களாம்மா?" என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். என் கணவரின் அக்கா ராஜம் அண்ணி, தி.நகரில் இருப்பவர், விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்தார். "நம்ம குடும்பத்துல யாரும் ஓடினதில்லை" என்றார். அதோடு முடித்துக்கொண்டு, கொடுத்த காபியைக் குடிக்காமலே போனார்.

கூட ஓடக் கிடைத்த ஒரே துணை மாசிலாமணி. எங்கள் எக்ஸ்சேஞ்சில் லைன்மேன், நொச்சிக்குப்பத்துக்காரன். முப்பது வயது. செருப்பில்லாமல் ஓடுவான். ஓட்டத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் அவனிடம்தான், என் நோயை மறைத்த பாடம் உட்பட.

"அக்கா, நல்லா ஓடறவனுக்கு நாடி ஸ்லோவா அடிக்கும். எனுக்கு அம்பதுதான் கீது. உனுக்கு இன்னா கீது, பார்த்தியா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. நன்றாகப் பழகிய இதயம் ஒரே தடவையில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் அடிக்கடி அடிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. எழுந்திருக்கும் முன் எண்ணினால்தான் கணக்கு சரி என்பதால், நான் கண் விழித்ததும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவர் பல்கூட விளக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுவார். நோட்டுக் கட்டுகளை எண்ணுகிற ஆள். எண்ணும்போது உதடு அசையாது, புருவம் மட்டும் லேசாக ஏறும். பிறகு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் காபி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தினமும் ஒரு நிமிஷம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆரம்பத்தில் எழுபத்திரண்டு. ஒரு வருஷத்தில் ஐம்பத்தெட்டு. ஆடியில் ஐம்பதுக்கு வந்து மாசிலாமணியைப் பிடித்தேன். தீபாவளிக்கு நாற்பத்து நாலு. அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு அரை மாரத்தான் நடத்தப் போவதாகத் தெரிந்தது. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேப்பியர் பாலத்தில் ஆரம்பித்து, கடற்கரைச் சாலை, சாந்தோம், அடையாறு பாலம், பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்த் திரும்பி வர வேண்டும். போகப் பத்தரை, வரப் பத்தரை, ஆக இருபத்தொரு கிலோமீட்டர். மாசிலாமணி எங்கள் இரண்டு பேருக்கும் பணம் கட்டி நம்பர் துணி வாங்கி வந்தான். என்னுடையது 317. அதை நான் பூஜை அலமாரியில் வைத்தேன்.

கார்த்திகையில் நாற்பது. எக்ஸ்சேஞ்சில் இரண்டாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒருநாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "ஹலோ, திருச்சியா?" என்று கேட்டவளுக்கு அரை நொடி கண் இருட்டி, திரும்ப வெளிச்சம் வந்தபோது திருச்சி "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. ஓட்டத்தில் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. பயிற்சி அதிகம், தூக்கம் குறைவு, சோம்பேறித்தனம். நோட்டில் மட்டும் நான் மேலே மேலே போய்க்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்து மூன்றாம் நாள், முப்பத்தாறு. மாசிலாமணி கேட்டுவிட்டு, "நீ இன்னாக்கா, மனுஷியா மிஷினா?" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விழுந்தது எனக்கு நினைவில்லை. படகுகள் கரையேறியிருந்தன, சாலையோரத்தில் மீன் கொட்டியிருந்தார்கள், ஈரத்தைத் தாண்டி ஓட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அடுத்தது முகத்தில் தண்ணீர். ஒரு மீன்காரம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தொறந்துட்சி. பாரு, பாரு. இன்னாம்மா, துன்ட்டு வரலியா காலைல?"

மாசிலாமணி என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தான். பெயரை எழுதவில்லை, மீன் வாசனையோடு வந்தவளை முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் மூன்று தடவை என் நாடியைப் பார்த்தார். அதற்குள் மாசிலாமணி போன் செய்து என் கணவர் வந்துவிட்டார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். ஆனால் நோட்டை எடுத்து வந்திருந்தார்.

"பயப்படாதீங்க டாக்டர், இவங்களுக்கு எப்பவும் நாடி குறைச்சல்தான். ஓடறவங்க. பாருங்க, தேதியோட எழுதியிருக்கேன்."

இளம் டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. எதற்கும் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துவிடலாம் என்று எடுத்தார். எடுத்த காகிதத்தை இரண்டு கையாலும் நீளமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரும்போது கூடவே பெரிய டாக்டர் வந்தார். என்னை யாரும் எழுந்திருக்க விடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். அவர் எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இதயத்தில் மேல் அறை, கீழ் அறை என்று உண்டு. அடி என்று உத்தரவு மேல் அறையிலிருந்து கீழே ஒரு மெல்லிய கம்பி மாதிரி பாதையில் வருகிறது. எனக்கு அந்தப் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போய், இப்போது முழுதாக அறுந்துவிட்டது. மேலே இருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், கீழே யாரும் எடுப்பதில்லை. கீழ் அறை, யாரும் கூப்பிடாவிட்டாலும் ஏதோ கடமைக்கு என்று தானாக அடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் முப்பத்தாறு. அதுவும் சில நொடி நின்றுபோனால் மயக்கம். இன்னும் சில நொடி நின்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. இதற்கு முழு இதய அடைப்பு என்று பெயர். மாரடைப்பு வேறு, இது வேறு. அதில் ரத்தக் குழாய் அடைக்கும். இதில் சேதி அடைக்கிறது.

சொல்லிவிட்டு டாக்டர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

"யார் எண்ணினது?"

"நான்தான் சார்" என்றார் என் கணவர்.

"நல்லா எண்ணியிருக்கீங்க. ஒரு நாள்கூட விடலை." கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "தீபாவளியிலேர்ந்து இவங்க ஹார்ட் தினமும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க எழுதி வச்சிருக்கீங்க."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். ஆனால் என் கணவர் முகத்தை நான் பார்த்தேன். டாக்டர் நீட்டிய நோட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது கொள்ளவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அன்றே எனக்குத் தற்காலிகமாக ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். வலது தொடை இடுக்கில் ஒரு ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை அனுப்பி, மறுமுனையை வெளியே ஒரு பெட்டியில் செருகிவிடுவார்கள். பெட்டி கையடக்க டிரான்சிஸ்டர் அளவு. திருகு இருக்கிறது, எத்தனை வைக்கிறார்களோ அத்தனை தடவை இதயம் அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னும். எழுபதில் வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் என் உள்ளங்கை சூடாயிற்று. கை சில்லென்று இருப்பதுதான் வழக்கம் என்றே எத்தனையோ மாதமாக நினைத்திருந்தேன். அப்புறம் பசித்தது. அப்படி ஒரு பசி. "சிஸ்டர், இட்லி கிடைக்குமா?" என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்தார்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. வலது காலை மடக்கக் கூடாது. மடக்கினால் கம்பி நகர்ந்துவிடும். ஐந்து நாள் நீட்டின கால் நீட்டினபடி.

ஓடிப் பழகிய காலை அப்படிப் போட்டு வைப்பது என்ன என்று எப்படிச் சொல்வது? ஐந்து மணிக்கு நான் விழிக்கும் முன் கால் விழித்துக்கொள்ளும். ஐ.சி.யூ.வில் ஜன்னல் கிடையாது. ஆனாலும் எனக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியும். இப்போது நேப்பியர் பாலத்துக்குக் கீழே கூவம் கறுப்பாக அசையாமல் கிடக்கும். கலங்கரை விளக்கம் வரை கடல் காற்று இடது கன்னத்தில் அடிக்கும். சாந்தோமில் சர்ச்சுக்குள் வெளிச்சம் இருக்கும். மயிலாப்பூர் பக்கமிருந்து கோயில் மைக் சத்தம் துண்டு துண்டாக வரும். அடையாறு பாலத்தில் ஏறும்போது ஒரு மேடு, தெரியாத மாதிரி இருந்து தொடையைப் பிடிக்கும். பிறகு பெசன்ட் அவென்யூ, இரண்டு பக்கமும் மரம், நாலு டிகிரி குறைவாக இருக்கும் காற்று. நான் போர்வைக்குள் கால் விரலை மட்டும் அசைத்து அசைத்து ஓடுவேன். பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் பார்க்க வந்துவிடுவார்கள். ஒருநாளும் திரும்பி வர முடிந்ததில்லை. அப்போதெல்லாம் அழுகை வரும். சாவைப் பற்றி அவ்வளவு பயந்ததாக நினைவில்லை. ஓட முடியாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

பார்வையாளர் நேரம் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. என் கணவர் இரண்டு நேரமும் வந்தார். வந்து கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றார். கையைக் கட்டிக்கொள்வார், அல்லது பான்ட் பையில் விட்டுக்கொள்வார். பாங்க்கில் என்ன, கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்ன, எல்லாம் சொல்வார். என் கையைத் தொட மாட்டார். இரண்டாம் நாள் நான் வேண்டுமென்றே இடது கையைப் போர்வைக்கு வெளியே, அவர் பக்கமாக வைத்தேன். பார்த்தார். "குளிருது பாரு" என்று போர்வையை இழுத்து மூடினார். எனக்குக் கோபம் வந்தது. மனுஷனே, எனக்குக் கை வேண்டும் என்று கத்தலாம் போலிருந்தது. அந்தச் சிவப்பு விளக்கு என் கோபத்தைக் கண்டுகொள்ளாமல் எழுபதிலேயே மின்னியது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று ராஜம் அண்ணி பிறகு சொன்னார். பெஞ்சில் உட்காராமல், சுவரில் இருந்த கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டே இருப்பாராம். "எதையோ எண்ணிக்கிட்டே இருந்தான். எண்றதை நிறுத்துடான்னேன். நிறுத்தத் தெரியலைக்கான்னான்."

அண்ணி தினமும் இரண்டு பஸ் மாறி ரசம் சாதம் கொண்டு வந்தார். "ஓடி ஓடித்தான் இது வந்துது" என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டர் ஈ.சி.ஜி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்லைம்மா. ஓட்டத்தால வரலை. எதனால வந்ததுன்னு எங்களுக்கே தெரியாது, சில பேருக்கு வரும். ஓடினதால இவங்க ஹார்ட் தசை பலமா இருந்தது, முப்பத்தாறுலயும் தாக்குப் பிடிச்சுது. அதனாலேயே நமக்குத் தெரியாமப் போச்சு" என்றார். எக்கோ என்று நெஞ்சில் பசை தடவி இதயத்தைத் திரையில் பார்க்கும் சோதனையிலும் அப்படித்தான் வந்தது. அடுத்த நாள் அண்ணி வரும்போது பையில் என் கான்வாஸ் ஷூ இருந்தது. மீன் தண்ணீர் போகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி பூசியிருந்தார். கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தார். "நாத்தம் அடிச்சுது, அதான்" என்றார்.

நான்காம் நாள் நிரந்தரப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. டாக்டர் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்று, நிலையானது. உட்கார்ந்தாலும் நடந்தாலும் எழுபது. "ஆபீஸ், சமையல், கோயில், குளம் எல்லாத்துக்கும் போதும். இவங்க இலாகாவிலேயே பணம் கொடுத்துடுவாங்க." இன்னொன்று புதிது. அதற்குள் அசைவை உணரும் ஒரு சில்லு உண்டு. உடம்பு குலுங்கினால், இவள் வேலை செய்கிறாள் என்று புரிந்துகொண்டு துடிப்பைக் கூட்டும். விலையும் கூடுதல், அந்தக் கூடுதலை நாங்களே போட வேண்டும்.

"முதல் வகையில ஓட முடியுமா?" என்றேன்.

"நடக்கலாம். ஓடினா மூச்சு வாங்கும். கால் கேக்கற ரத்தத்தை எழுபதால கொடுக்க முடியாது." சற்று நிறுத்தி, "ஓடித்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

நாற்பத்தொரு வயதுப் பெண், குழந்தை குட்டி இல்லை, அறுந்த பாதையோடு ஒரு இதயம். ஆமாம், ஓடித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாதாரணமே போதும் டாக்டர்" என்றேன். சொன்னபோது கட்டிலுக்கு அடியில் இருந்த ஷூ ஞாபகம் வந்தது.

காய்கறிக்காரனிடம் கொசுறுக் கறிவேப்பிலை வாங்காமல் நகராத என் கணவர், ஓரடி தள்ளி நின்றபடி, கையைப் பையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "ஓடற பெட்டியே வைங்க டாக்டர்."

பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்கூட்டரை மட்டும் விற்றுவிடாதீர்கள் என்றேன்.

ஆறாம் நாள் வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது. இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, பை மாதிரி இடம் பண்ணி, அதில் பெட்டியைப் பொதித்துத் தைக்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம். வலி இல்லை, ஆனால் யாரோ சட்டைப்பைக்குள் எதையோ திணிப்பது மாதிரி ஓர் அழுத்தம். மார்கழி என்பதால் டாக்டர்கள் சபா கான்டீனில் எங்கே தோசை நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மயிலாப்பூர் என்றார், ஒருவர் தி.நகர் என்றார். நடுவில் "பத்து நொடி இருமுங்க" என்றார்கள். இருமினேன். கம்பி நகரவில்லை. "சரி, தைச்சிடலாம்" என்றார் மயிலாப்பூர்க் கட்சிக்காரர்.

அதன் பிறகு ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஓட்டம்? "அதை ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம்" என்றார் பெரிய டாக்டர். அரை மாரத்தானுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வழியில் ஒரு தெருவை யாரோ எதற்கோ தோண்டி அரைகுறையாக மூடியிருந்தார்கள். ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. திடீரென்று என் நெஞ்சு வேகமாக அடிக்க ஆரம்பித்தது. பயத்தால் வருகிற படபடப்பு எனக்குத் தெரியும், இது அதுவல்ல. சீராக, வேகமாக. "ஏங்க, என்னமோ பண்ணுது" என்றேன். ஆட்டோவைத் திருப்பி மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனோம். டாக்டர் சோதித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"பெட்டி நல்லா வேலை செய்யுது. குலுக்கலைத்தானே அதுக்குத் தெரியும்? ஆட்டோ ஓடறதா நீங்க ஓடறீங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

திரும்பும்போது ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பள்ளத்தில் எல்லாம் மாட்டு வண்டி வேகத்தில் போனார். "மெதுவாப் போறேன் நைனா, ஒண்ணியும் கவலப்படாத" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை.

வீட்டில் காலை ஐந்து மணிக்கு விழித்து, பழக்கத்தில் அசையாமல் படுத்திருப்பேன். அவர் எழுந்து நேரே அடுக்களைக்குப் போய்ப் பால் வைப்பார். நோட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை. பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்காக ஏங்குவது, தூரத்தில் இருப்பவருக்காக ஏங்குவதைவிட மோசம். அந்த வாரங்களில் எனக்கு ஓட்டமும் அவர் கையும் ஒன்றாகிப் போயின. எது வேண்டும் என்று அழுகிறேன் என்று எனக்கே தெரியாது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது சாந்தோம். இப்போது பாலம். பதினொரு மணிக்கு மாசிலாமணி வந்தான், காலில் இரண்டு கொப்புளத்தோடு. முந்தின நாளே வந்து என் நம்பர் துணியைக் கேட்டு வாங்கிப் போயிருந்தான். அதை எடுத்து மேஜையில் வைத்தான். ஈரமாகக் கசங்கியிருந்தது.

"ஜோபில வச்சிகினு ஓடுனேன்க்கா. பெசன்ட் நகர் வரிக்கும் நீ வந்துக்கினேதான் இருந்தே. திரும்பி வர சொல்லதான் நான் தனியா வந்தா மாறி இருந்துச்சி." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்லோவா அடிச்சா நல்லதுன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

"நீ சொன்னது சரிதான். கேசரி கிண்டினது நாங்க" என்றேன்.

அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. என் கணவர் உள்ளே இருந்தார்.

மாசி கடைசியில் டாக்டரைப் பார்க்கப் போனோம். தையல் ஆறிவிட்டது, கம்பி பிடித்துக்கொண்டது, நடக்கலாம், ஸ்கூட்டரில் பின்னால் உட்காரலாம். ஓட்டம் இன்னும் இல்லை. ஆடிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு என் கணவரை எழுப்பினேன். "ஸ்கூட்டரை எடுங்க" என்றேன்.

"எங்கே?"

"நேப்பியர் பாலம்."

ஏன் என்று கேட்கவில்லை. நான் ஷூ போட்டுக்கொண்டதைப் பார்த்தார். அண்ணி பூசிய வெள்ளை இன்னும் போகவில்லை. நம்பர் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். பாலத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். "எப்படிப் போகணும்?" என்றார். "நான் ஓடற வேகத்துல" என்றேன். அவருக்கு என் வேகம் தெரியும். இரண்டு வருஷம் அவ்வப்போது ஸ்டாப்வாட்சோடு ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தவர். முதல் கியரிலும் இரண்டாவதிலும் மாற்றி மாற்றிப் போனார்.

கடற்கரைச் சாலை வழவழவென்று இருந்தது, நெஞ்சு பேசாமல் இருந்தது. கலங்கரை விளக்கம் தாண்டியதும் நொச்சிக்குப்பத்துச் சாலையின் மேடு பள்ளம் ஆரம்பித்தது. பழைய ஸ்கூட்டர், பின் சீட்டுக்கு ஸ்பிரிங் என்று ஒன்று இருந்ததாக ஐதீகம். குலுங்கியது. காறை எலும்புக்குக் கீழே அந்தச் சில்லு விழித்துக்கொண்டது. இவள் ஓடுகிறாள் என்று நினைத்தது. நான் விழுந்த இடத்தைத் தாண்டினோம், மீன் கொட்டியிருந்தார்கள். சாந்தோம், பட்டினப்பாக்கம். நெஞ்சு ஏறிக்கொண்டே போனது, எனக்குத் தெரிந்த பழைய வேகம், இரண்டாவது கிலோமீட்டரில் உடம்பு பழகுகிறபோது வருமே அது. காலை மட்டும் காணோம். அடையாறு பாலத்து மேட்டில் அவர் வண்டியை மெதுவாக்கினார். நான் அங்கே எப்போதும் மெதுவாவேன், அதை அவர் மறக்கவில்லை. பெசன்ட் அவென்யூவில் மரத்தடிக் காற்று முகத்தில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அவர் வேகத்தை மாற்றவில்லை.

பெசன்ட் நகர் கடற்கரையில் வண்டியை நிறுத்தினார். நான் இறங்காமல் உட்கார்ந்தபடியே இடது கையை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வேணாம் விஜி" என்றார். "நான் எண்ணினது போதும்."

"சீக்கிரம் எண்ணுங்க. குறைஞ்சிடும்."

அவர் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. விரல் தேடியது, அப்புறம் இடம் கண்டுபிடித்து நின்றது. உதடு அசையவில்லை. புருவம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஒரு முழு நிமிஷம்.

"தொண்ணூத்தாறு" என்றார். மறுபடி சொன்னார், "தொண்ணூத்தாறு விஜி." ஸ்கூட்டரின் முன் பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த நோட்டை எடுத்தார். அங்கேதான் இருந்திருக்கிறது. முப்பத்தாறுக்குக் கீழே, அந்த நாளின் தேதி போட்டு எழுதினார். எழுதி முடித்த பிறகும் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

கடலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காபி சாப்பிடலாமா என்று கேட்டார். நான் 317-ஐப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன். "இன்னும் பத்தரை இருக்கு."